ஒரு நூல்

முப்பத்து நான்கு வருட இல்லறத்தில் என் கணவர் ஒரு கடையின் கண்ணாடியையும் நின்று பார்த்தவர் இல்லை. கடைத்தெருவில் அவரோடு நடப்பது என்றால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுவதுதான். நான் பொத்தானும் ஊசியும் வாங்கிக்கொண்டு திரும்பினால் தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், ரயிலைத் தவறவிட்ட முகத்தோடு. அப்படிப்பட்டவர் அன்று மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றார். புதுக் கண்ணாடிக்கு ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நானும் நின்றேன். கொஞ்ச தூரம் போனதும் பிறந்த குழந்தைகளுக்கான துணிக்கடை முன்னால் நின்றார். எங்கள் வீட்டில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. மூன்றாவதாக நின்றது பெண்களின் உள்ளாடைக் கடை. அங்கிருந்த பொம்மைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் முகத்தில் ஆசையும் இல்லை, வெட்கமும் இல்லை. நெற்றியில் வியர்வை இருந்தது. வலது காலை முழுக்க ஊன்றாமல் நுனியில் வைத்திருந்தார்.

நான் தையற்காரி. கண்ணில் படுகிற எதையும் அளக்காமல் விட எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அவர் நிற்கும் இடங்களுக்கு நடுவே காலடிகளை எண்ணினேன். நூற்று நாற்பது. அடுத்தது நூற்று முப்பத்தாறு. அதற்கடுத்தது நூற்று நாற்பத்தொன்று. கடைகள்தான் மாறின. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். கெண்டைக்காலில் யாரோ பிடித்து முறுக்குவது போல வருகிறது, நின்றால் விட்டுவிடுகிறது, நாலு மாதமாக இப்படித்தான் என்றார். நாலு மாதம் என்பதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது.

அவர் நகரக் குடிநீர்த் துறையில் தொட்டிக்காரர். பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, அது அடையாள அட்டையோடு சரி. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டி அவர் பொறுப்பு. நூற்று அறுபத்தெட்டு இரும்புப் படிகள். தினமும் இரண்டு தடவை ஏறி, மூடியைத் திறந்து, உள்சுவரில் வரைந்திருக்கும் அளவுக்கோட்டைப் பார்த்து, இறங்கி வந்து பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு வால்வு. அவர் வால்வு திறப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கால் பங்கு மட்டும் திருப்பி நிறுத்துவார். குழாயில் காதை வைப்பார். மறுபடி கால் திருப்பு. காற்று முதலில் வெளியேற வேண்டும், தண்ணீர் பின்னால் வர வேண்டும், குழாயைப் பயமுறுத்தக் கூடாது என்பார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் பம்ப் ஆபரேட்டர் திறப்பார். அவருக்கு எல்லாமே ஒரே மூச்சு. எங்கள் சமையலறைக் குழாய் இருமி, உதறி, துருத் தண்ணீரை என் முகத்தில் துப்பும். யார் திறந்தது என்று குழாயைக் கேட்டே சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் நூல் கணக்கில்தான் பேசுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். நாலு நூல் பைப், ஆறு நூல் பைப். ரொட்டி ரெண்டு நூல் தடிமன் இருக்கிறதே என்று என் சமையலில் குற்றம் கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர்தான். எனக்கு நூல் என்றால் ஊசியில் கோர்ப்பது. அளவுக்கு எனக்கு அங்குலம் இருக்கிறது, அரை இருக்கிறது, கால் இருக்கிறது. இந்த இரண்டு நூலும் ஒரே வீட்டில் இத்தனை வருடம் முட்டிக்கொள்ளாமல் இருந்தன.

அந்தப் பாக்கி ஒரு வாரத்தில் தானாக வெளியே வந்தது. ஒரு மத்தியானம் தொட்டி நிரம்பி வழிந்து, பம்ப் அறைக் கூரைமேல் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கிறது. இன்ஜினியர் வந்து பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். நாலு மாதமாக என் கணவர் தொட்டியில் ஏறவே இல்லை. குழாயில் காதை வைத்து, சத்தத்தை வைத்து மட்டத்தை ஊகித்து எழுதியிருக்கிறார். அந்த மத்தியானம் வரை ஊகம் சரியாக இருந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஆனால் அதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளும் மனநிலையில் இன்ஜினியர் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. மூன்று மாதத்தில் தொட்டியைக் காலி செய்து கழுவுவார்கள், வருடா வருடம் நடப்பதுதான். கழுவி நிரப்பிய பிறகு ஒருவர் ஏறி மட்டம் பார்த்து, அவரே இறங்கி வந்து வால்வு திறக்க வேண்டும். அது விதி. அன்றைக்கு நீங்கள் ஏறினால் தொட்டி உங்களுடையது, முடியாவிட்டால் புகார் கவுண்ட்டரில் உட்காருங்கள், நிழல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு நாளும் பொய் எழுதாத கை, என்னிடம்கூட மறைத்து எழுதியிருக்கிறதே என்று. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார், அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மகள் தொலைபேசியில், பேசாம கவுண்ட்டர்ல உக்காரச் சொல்லும்மா, இந்த வயசுல எதுக்கு என்றாள். அவருக்கு அறுபது முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. மூன்று வருடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்பவர்களின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும், மூன்று வருடம் தண்ணீரைக் கொண்டுவருவதும் ஒன்றா? இதை அவளிடம் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கையிலும் கணுக்காலிலும் அழுத்தம் பார்த்தார். காலுக்குப் போகிற ரத்தக் குழாய் உள்ளே தடித்துக் குறுகியிருக்கிறது, வயதும் பத்து வருடம் முன்பு அவர் விட்டுத்தொலைத்த சிகரெட்டும் சேர்ந்து செய்த வேலை, கத்தி வைக்கிற அளவுக்குப் போகவில்லை என்றார். மாத்திரை எழுதினார். பெரிய மருந்து நடைதான் என்றார். நன்றாக வலிக்கும் வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள், பன்னிரண்டு வாரம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேருந்தில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். உப்புப் படிந்த பைப்பில் அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று தெரியுமா, ரோடு இரண்டாகப் பிளந்து தண்ணீர் மாடி உயரத்துக்கு எழும்புவதை அவர் நான்கு முறை பார்த்திருக்கிறாராம்.

"அந்தம்மா நல்லா படிச்சவங்கதான்" என்றார். "ஆனா பைப் தெரியாது."

உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. முப்பது வருடமாக எத்தனை இடுப்புப் பட்டைகளைப் பிரித்திருப்பேன். தளர்ந்த எலாஸ்டிக்கை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகக் கோர்ப்பது ஒன்றுதான் வழி. தினமும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தால் அது மீளும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் கொண்டுவந்த துணியை அவரிடமே கொடுத்தனுப்பியிருப்பேன். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு நிபுணர்கள் இருந்தோம், இரண்டு பேருமே டாக்டரை நம்பவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் வயதும் நடையும் ரத்தக் குழாய்களை என்ன செய்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். மெஷினைப் பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக இவர் ஒப்புக்கொண்டார். இருட்டான சின்ன அறை. படம் எடுக்கும் பெண் அவர் முன்கையில் ஒரு பட்டையைக் கட்டி, ரத்தம் போக முடியாதபடி இறுக்கினாள். ஐந்து நிமிடம். முழங்கைக்கு மேலே ஒரு கருவியை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் கறுப்பு. அதுதான் குழாய் என்றாள். நாலு புள்ளி நாலு மில்லிமீட்டர். ஐந்து நிமிடம் ஆனதும் பட்டையை விட்டாள். ரத்தம் இரைந்துகொண்டு பாய்ந்தது, அந்த இரைச்சலை மெஷினில் நானே கேட்டேன். கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவள் விளக்கினாள். ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உள்தோல் அதை உணரும். வழிவிடு என்று சுவருக்குச் சொல்லும். சுவர் தளர்ந்து குழாய் விரியும். இருபது வயதில் சொன்னதும் விரியும். வயதாக ஆக உள்தோல் சோம்பிவிடுகிறது, உட்கார்ந்தே இருந்தால் இன்னும் சோம்பிவிடுகிறது. கால் குழாயைக் குறுக்கிய அதே சோம்பல்தான் கையிலும் தெரிகிறது. தினமும் நடந்தால், தினமும் ரத்தம் அதைத் தொட்டு எழுப்பும். என் கணவர் படுத்தபடியே, குழாய் எங்கேயாவது தானாக விரியுமா என்று கேட்டார்.

"அதுக்குக் குழாய்னு பேர் வச்சவங்களைத்தான் ஐயா கேக்கணும்" என்றாள் அவள், பட்டையைச் சுருட்டிக்கொண்டே.

விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு நான்கு பெஞ்சுகள். நடையை அங்கேதான் தொடங்கினோம். அவரைத் தனியாக அனுப்பினால் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு வருவார் என்பதால் நானும் போனேன். முதல் வாரம் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. வலி வந்தால் அவர் முகம் அப்படியே கோணும், எங்கே வெடிக்கப் போகிறது என்று காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். வலிக்கிறது என்பார். வலிக்க வேண்டும் என்றுதானே வந்தோம் என்பேன். இரண்டாம் வாரம் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். எனக்கும் தொழில் கெட்டது. தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடக்க, வாயைத் திறக்காத மனிதரோடு காலை நேரத்தில் வட்டம் சுற்றுவது எனக்கு மட்டும் என்ன கொண்டாட்டமா?

ஐந்தாம் வாரம் எண்ணிக்கை இருநூற்றுப் பத்துக்கு வந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. அவருக்கு இல்லை. எழுபது காலடிக்கு ஐந்து வாரம், இந்தக் கணக்கில் தொட்டி உச்சிக்குப் போக இன்னொரு பிறவி எடுக்க வேண்டும் என்றார். அந்த வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு காகிதம் இருந்தது. புகார் கவுண்ட்டர் வேலைக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று இன்ஜினியருக்கு எழுதிய கடிதம். தேதி மட்டும் போடவில்லை. மடித்து அந்தச் சட்டையின் மேலேயே வைத்தேன். துவைத்த வேறு சட்டையைப் போட்டபோது அதை எடுத்து இந்தப் பைக்கு மாற்றிக்கொண்டார். முழு மனதாம். முழு மனதோடு எழுதியவர் ஏன் தேதி போடவில்லை என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

ஆறாம் வாரம் இரண்டாவது படம். இந்தத் தடவையும் அறைக்குள் நான் இருந்தேன். அவர் வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். பட்டையை விட்டதும் இரைச்சல் வந்தது. மேல்கோடு அசைந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று முன்னால் குனிந்தேன். இல்லை, மெதுவாக, தூக்கம் கலைந்து எழுந்திருக்கிறவரைப் போல நகர்ந்தது. அவர் சட்டை மாட்டிக்கொள்ளத் தடுப்புக்குப் பின்னால் போனதும் அந்தப் பெண் எண்ணைக் காட்டினாள். நாலு புள்ளி நாலு, நாலு புள்ளி ஆறு ஆகியிருந்தது. பத்தில் இரண்டு மில்லிமீட்டர். என் மெஷினில் ஓடும் நாற்பதாம் நம்பர் நூலின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முப்பது வருடமாக விரல் நுனியில் இருக்கும் தடிமன், எனக்குத் தெரியாதா? எலாஸ்டிக் மீண்டிருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"ஒரு நூல் விரிஞ்சிருக்குங்க."

அவர் நின்றுவிட்டார். "ஒரு நூலா?"

"ஆமா. ஒரு நூல். நான் கண்ணால பாத்தேன்."

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நெகிழ்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, கொஞ்சம் பிரித்து, அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, மருந்துச் சீட்டுகள் கிடந்த குப்பைத்தொட்டியில் போட்டார். பேருந்து நிறுத்தம் வரை ஒரு கடையைக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நடை மாறியது. வலி வந்தால் காலைப் பார்க்கவில்லை, அடுத்த பெஞ்சைப் பார்த்தார். நான் எழுப்புவதற்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். நானூறு, அறுநூறு, இரண்டு முழுச் சுற்று. மழை பெய்த நாளில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி இறங்கினார். நாலாவது மாடிக்காரர் யாரோ திருடன் என்று கதவைத் திறந்து பார்த்தாராம். எனக்கே பழைய பாவாடைகளின் இடுப்பு தளர்ந்துபோனது, எல்லாவற்றையும் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் சத்தம் திரும்ப வந்தது. ரொட்டியின் தடிமனைப் பற்றி மறுபடியும் பேச ஆரம்பித்தார், நானும் சந்தோஷமாகச் சண்டை போட்டேன்.

எட்டாம் வாரம் பம்ப் ஆபரேட்டர் கால்சட்டையைக் குட்டையாக்க வந்தார். அண்ணி, அண்ணன் பெரிய ஆள்தான், ஒன்றரை நூல் இருந்த ரத்தக் குழாய் ரெண்டரை நூல் ஆயிடுச்சாமே, பம்ப் அறை முழுக்க இதே பேச்சு என்றார். என் கையில் இருந்த அளவுநாடா நழுவிக் கீழே விழுந்தது. ஒரு நூல். அவருடைய நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். மனுஷர் தன் குழாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு நடக்கிறார். பைப் பெரிதானால் அழுத்தம் ஏறாது, அழுத்தம் ஏறாவிட்டால் வெடிக்காது. அந்தத் தைரியத்தில்தான் வலியை மிதித்துக்கொண்டு போகிறார். பம்ப் ஆபரேட்டரின் கால்சட்டையை அரை அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். என் கைக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று பயந்தேன். தையல் கோணினால் பிரித்துவிடுகிறவள் நான், வாடிக்கையாளருக்குத் தெரியாத இடத்தில் கோணினாலும் பிரிப்பேன். அந்த நான்கு வாரமும் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு இருப்பது போலவே இருந்தேன். அவர் ஆயிரம் தாண்டியபோது கைதட்டினேன். இரண்டாயிரம் தாண்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நாலு மாதம் என்னிடம் மறைத்தார் என்று அவரை எப்படித் திட்டினேன், இப்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு விடவே இல்லை.

பன்னிரண்டாம் வாரம் கடைசிப் படம். அதே ஒரு நூல்தான், கொஞ்சம் தாராளமாக. டாக்டரம்மா அவரை ஓடும் பட்டை மெஷினில் நடக்கவிட்டு, நெஞ்சுக்கும் படம் பார்த்து, அரை மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் நின்றார் என்று எழுதி, படி ஏறலாம், தேவைப்பட்டால் நின்று ஏறட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை என் மெஷின்மேல் விரித்து வைத்து நாலு தடவை படித்தார். மறுநாள் கழுவி நிரப்பிய தொட்டியில் ஏற வேண்டும். இல்லாத குழாயை நம்பி அவரை நூற்று அறுபத்தெட்டுப் படி ஏறவிட எனக்கு மனம் வரவில்லை. உருளையிலிருந்து நாலு விரல் நூலை இழுத்து அறுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"அன்னைக்கு நான் சொன்ன நூல் இதுங்க" என்றேன்.

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மெல்ல மாறியது.

"உன் நூலா?"

"என் நூல்தான்."

அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நகத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு எப்போது தெரிந்தது, ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் திரும்பவில்லை. தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நாளைக் காலையில் மறுபடியும் ஒரு கடிதம் எழுதுவார், இந்தத் தடவை தேதியும் போடுவார்.

"அப்ப ரெண்டாயிரம் காலடி" என்று ஆரம்பித்தார். குரல் விநோதமாக இருந்தது. "ரெண்டாயிரம் காலடியும் இந்த நூல்லயா நடந்தேன்?"

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பம்ப் அறையில் ரெண்டரை நூல் என்று அளந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அதில் எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு நூலை மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். இதுக்குக் குழாய்னு பேர் வச்சவனைத்தான் கேக்கணும். நான் போட்ட எந்தக் குழாய் இத்தனூண்டுக்கு இவ்வளவு செஞ்சிருக்கு?"

நூலைச் சுருட்டி, கடிதம் இருந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார். தொட்டி வளாகத்துக்குள் எங்களையெல்லாம் விடமாட்டார்கள். மொட்டை மாடிக்குப் போனால் தூரத்தில் தொட்டி தெரியும், படியில் ஆள் ஏறினால் எறும்பாகத் தெரியும். நான் போகவில்லை. அந்த எறும்பு பாதியில் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தொட்டியைக் கழுவியதால் இரண்டு நாளாகக் குழாய் வறண்டு கிடந்தது. சமையலறையில் அதை முழுக்கத் திறந்துவிட்டு, கீழே குடத்தை வைத்துவிட்டு, மெஷினில் வந்து உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு ஏறுவதாகப் பேச்சு. பத்தேகாலுக்கு எதிர்வீட்டுக்காரி வந்து, தண்ணி எப்ப வரும் என்று கேட்டாள். வரும் என்றேன். பத்தரை ஆனது. ஒரு சட்டைக் கையை இரண்டு தடவை தலைகீழாக வைத்துத் தைத்து, இரண்டு தடவையும் பிரித்தேன். நின்று நின்று ஏறலாம் என்று எழுதியிருக்கிறதே, நிற்கிறார் போலிருக்கிறது. இறங்கவும் நேரம் ஆகும். அவர் ஏறாவிட்டால் பம்ப் ஆபரேட்டர் ஏறுவார், அவர்தான் திறப்பார், தண்ணீர் எப்படியும் வந்துவிடும். தண்ணீர் வருவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது எப்படி வரப் போகிறது என்பதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தே முக்காலுக்குச் சுவருக்குள் எங்கோ சின்னதாக ஒரு சத்தம். எழுந்தேன். முகத்தில் துப்பப் போகிறது என்று பழைய பழக்கத்தில் ஓர் அடி பின்னால் நின்றேன். குழாய் துப்பவில்லை. மெதுவாக மூச்சு விட்டது. நின்றது. நான் அசையவில்லை. கால் திருப்பு, காது வைக்கிற நேரம், மறுபடி கால் திருப்பு. குழாய் இன்னொரு தடவை, முன்னைவிட நீளமாக, மூச்சு விட்டது. எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்து வந்துடுச்சா என்று கத்தினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

குழாயின் உதட்டில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. அடுத்த சொட்டு விழாமல் அப்படியே நீண்டது. துரு இல்லை, நுரை இல்லை. குடத்தின் வாய்க்கு நேராக, நடுங்காமல், அறுபடாமல், தண்ணீர் ஒரு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.